ஆய்வு மேசையை விட்டு எழாத சாங்கர்

பொன்விழாக் காணும் நம் உயிர்வேதியியல் துறையின் இம்மலரில், துறையை நிறுவியவர்களைப் பற்றியும் அதை வளர்த்தவர்களைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நம் கல்லூரியோடு நேரடித் தொடர்பில்லாத ஓர் ஆங்கிலேய வேதியியலரைப் பற்றி எழுத நான் அனுமதி கேட்டேன்; மலர்க்குழு மனமுவந்து இடம் தந்தது. முதலாம் ஆண்டு மாணவர் புரதங்களைப் பற்றிய பாடத்தைத் திறந்தால் அங்கே பிரெடரிக் சாங்கர் பெயர் இருக்கும். இறுதியாண்டில் மரபணுப் பாடத்தைத் திறந்தால் அங்கேயும் அவர் பெயர்தான். வேதியியலுக்கான நோபல் பரிசை 1958இல் ஒரு முறையும் 1980இல் மறுமுறையும் பெற்றவர் அவர். வேதியியலில் இரு முறை அப்பரிசைப் பெற்றவர் என்று, 2022இல் பாரி ஷார்ப்லெஸ் வரும்வரை, அவர் ஒருவரையே சொல்ல முடிந்தது.

ஒரு துறை ஐம்பது ஆண்டை எட்டும்போது தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நல்ல ஆராய்ச்சி எங்கிருந்து பிறக்கிறது? சாங்கரின் வாழ்க்கை அதற்குத் தெளிவான விடை தருகிறது. அவசரப்படுத்தாத ஆய்வகமும் அமைதியான வீடும் அவருக்கு வாய்த்தன. இரண்டையும் அவர் போற்றினார். இரண்டும் அவரைத் தாங்கின. அவர் கதையை அந்த நோக்கில்தான் இங்கே சொல்கிறேன்.

மருத்துவரின் மகன்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் வட்டாரத்தில் ரெண்ட்கோம் என்ற சிற்றூரில் 1918 ஆகஸ்ட் 13 அன்று சாங்கர் பிறந்தார். தந்தை மருத்துவர்; சீனாவில் சமயப்பணியோடு மருத்துவமும் பார்த்து, உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பியவர். தாய் சிசிலி, பருத்தித் தொழிலில் செழித்த குடும்பத்துப் பெண். பிள்ளைகளைக் குவேக்கர் நெறியில் வளர்த்தார்கள். உண்மையே பேச வேண்டும், வன்முறை கூடாது என்ற இரண்டும் அந்நெறியின் அடித்தளம். பின்னாளில் சாங்கரின் கடவுள் நம்பிக்கை தளர்ந்தாலும் இந்த இரண்டும் தளரவில்லை.

தந்தையைப் போல மருத்துவராகத்தான் முதலில் எண்ணியிருந்தார். ஆனால் ஒரு மருத்துவரின் நாள் நோயாளிக்கு நோயாளி சிதறிப் போவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர், ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டு அதிலேயே மூழ்கிக் கிடக்கும் அறிவியலைத் தேர்ந்துகொண்டார். 1936இல் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரிக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தாயையும் தந்தையையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். இயற்பியலும் கணிதமும் அவருக்கு எளிதாக வரவில்லை. இரண்டு ஆண்டில் முடிக்க வேண்டிய முதற்பகுதிக்கு மூன்று ஆண்டு எடுத்துக்கொண்டார். ஆனால் பிரெடரிக் ஹாப்கின்ஸ் கட்டியெழுப்பிய உயிர்வேதியியல் துறை அவரை ஈர்த்தது. அந்தப் பாடத்தில் முதல் வகுப்பில் தேறியபோது அவரே வியந்தார். கணிதத்துக்கு அஞ்சும் நம் மாணவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவராகப் பதிவு செய்துகொண்டார். அது ஏற்கப்பட்டதால் ஆய்வுக்குத் திரும்ப முடிந்தது. ஆல்பர்ட் நியூபெர்கரின் வழிகாட்டலில் லைசின் என்ற அமினோ அமிலம் உடலில் என்ன ஆகிறது என்று ஆராய்ந்து 1943இல் முனைவர் பட்டம் பெற்றார். சோதனை செய்யும் கலையைத் தனக்குக் கற்பித்தவர் நியூபெர்கரே என்று பிற்காலத்தில் நன்றியோடு சொல்லிவந்தார்.

இன்சுலினின் வரிசை

1943இல் ஹாப்கின்ஸின் இடத்துக்குப் பேராசிரியராக வந்தவர் சிப்னால். இன்சுலினை எடுத்து ஆராயுமாறு அவர்தான் சாங்கரிடம் சொன்னார். அன்றைக்குத் தூய நிலையில் போதிய அளவு கிடைத்த புரதங்கள் மிகச் சில. மாட்டு இன்சுலின் பூட்ஸ் என்ற மருந்து நிறுவனத்திடம் விலைக்குக் கிடைத்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சேர்ந்த நெடிய சங்கிலி என்று அன்று தெரியும். அந்தச் சங்கிலியில் எது முன், எது பின் என்பதற்கு நிலையான ஒழுங்கு உண்டா என்பதுதான் தெரியாது. ஒரு புரதத்தின் மூலக்கூறுகள் எல்லாம் ஒன்றுபோல இராது, ஏறக்குறைய ஒத்த கலவையாகவே இருக்கும் என்று எண்ணிய அறிஞர்களும் இருந்தார்கள். சாங்கர் இதை வாதத்தால் தீர்க்க முயலவில்லை. சங்கிலியின் முனையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயத்தைத் தேடினார்.

அவர் கண்டெடுத்த ஃப்ளூரோ டைநைட்ரோ பென்சீன் இன்று உலகெங்கும் பாடநூல்களில் ‘சாங்கர் வினைப்பொருள்’ என்று இடம்பெறுகிறது. புரதச் சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தோடு அது உறுதியாகப் பிணைந்துகொள்ளும். பிணைந்த பொருள் நல்ல மஞ்சள் நிறம் காட்டும். பிறகு அமிலத்தில் கொதிக்கவைத்தால் சங்கிலி முழுவதும் உதிர்ந்துபோகும். மஞ்சள் சாயம் மட்டும் முதல் அமினோ அமிலத்தை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்தெடுத்துப் பெயர் சொல்லிவிடலாம். இன்சுலினில் அவருக்குக் கிடைத்த முனைகள் இரண்டு வகை: ஒன்று கிளைசின், மற்றொன்று ஃபீனைல் அலனின். ஆக, இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் இருக்கின்றன என்று தெரிந்தது. அவற்றைக் கந்தகப் பாலங்கள் பிணைத்திருந்தன. பெர்ஃபார்மிக் அமிலத்தால் பாலங்களை அறுத்து இரண்டையும் தனித்தனியாக்கினார்.

அடுத்து, ஒவ்வொரு சங்கிலியையும் முழுவதும் உதிர்க்காமல் அரைகுறையாக உடைத்தார். மூன்றும் நான்குமாக அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டுகள் கிடைத்தன. மார்ட்டினும் சிஞ்சும் உருவாக்கியிருந்த பேப்பர் குரோமட்டோகிராபி முறையில் தாளின் மீது அவற்றைப் பிரித்தார். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் புள்ளிகள் எழும். நம் ஆய்வகத்தில் விரல்நுனி ஊதாவாகி இரண்டு நாள் போகாமல் திரிந்த மாணவர் யாருக்கும் இந்தப் புள்ளிகளை விளக்க வேண்டியதில்லை. ஒரு பழைய தாலாட்டின் வெவ்வேறு அடிகள் வெவ்வேறு பாட்டிமார் நினைவில் இருக்கும்போது, ஒருவர் முடிக்கும் அடியும் மற்றவர் தொடங்கும் அடியும் ஒன்றாய் வரும் இடத்தைப் பிடித்து முழுப்பாட்டையும் சேர்த்துவிடலாம் அல்லவா? சாங்கரும் அப்படித்தான் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைத் தேடித் தேடி வரிசையைக் கோத்தார்.

வியன்னாவிலிருந்து வந்த ஹான்ஸ் டுப்பியோடு சேர்ந்து, 30 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் வரிசையை 1951இல் வெளியிட்டார். 21 கொண்ட மற்றொன்று 1953இல் முடிந்தது. கந்தகப் பாலங்களின் இடம் 1955இல் உறுதியாயிற்று. மொத்தம் 51 அமினோ அமிலங்கள். அதற்குப் பத்தாண்டுக்கு மேல் உழைப்பு.

ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத தனி வரிசை உண்டு என்பது அதனால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது. மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் இன்சுலினை ஒப்பிட்டபோது, சிறிய சங்கிலியில் 8 முதல் 10 வரையிலான இடங்களில் மட்டுமே வேறுபாடு தெரிந்தது. மரபணுவில் உள்ள வரிசைதான் புரதத்தின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்று பிரான்சிஸ் கிரிக் 1957இல் துணிந்து சொன்னதற்கு இதுவே அடித்தளம். இன்று நம் ஊர்ச் சர்க்கரை நோயாளி வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் மனித இன்சுலின் நுண்ணுயிரிகளில் உற்பத்தியாகிறது. எதை உற்பத்தி செய்ய வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. அந்த அறிவு சாங்கரின் தாள்களிலிருந்து தொடங்கியது.

பலன் தெரியாத ஆண்டுகள்

இன்சுலினுக்குப் பிறகு வந்த ஆண்டுகள் சாங்கருக்கு வறட்சியான ஆண்டுகள். அவரே பின்னாளில் அப்படித்தான் அவற்றைக் குறிப்பிட்டார். எடுத்த சோதனைகள் பல கைகூடவில்லை. சொல்லிக்கொள்ளும்படியான முடிவுகள் குறைவு. 1958இல் முதல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். பரிசு தந்த ஊக்கத்தையும் வசதிகளையும் புதிய, கடினமான சிக்கலில் செலவிட்டார்.

இங்கேதான் ஒரு நிறுவனத்தின் பெருமை தெரிகிறது. பெய்ட் நினைவு ஆய்வுநிதி அவரை 1944 முதல் 1951 வரை ஆதரித்தது. அதன்பின் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அவர் ஓய்வுபெறும் வரை, அவரை வைத்துக்கொண்டது. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்ற கணக்கு அவரை விரட்டவில்லை. புதிய வழிமுறை ஒன்றை உருவாக்க எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டும் அவருக்குக் கிடைத்தன.

1962இல் அக்கழகம் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தைத் திறந்தது. மேக்ஸ் பெருட்ஸ் தலைவர். கென்ட்ரூ, கிரிக், கிளக் ஆகியோரோடு சாங்கரும் அங்கே வந்து புரத வேதியியல் பிரிவின் பொறுப்பேற்றார். அவ்வாய்வகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் யாரும் அதன் உணவகத்தை விடுவதில்லை. பெருட்ஸின் மனைவி கிசெலா பல ஆண்டுகள் அதை நடத்தினார். நோபல் பரிசு பெற்றவரும் நேற்றுச் சேர்ந்த மாணவரும் ஒரே மேசையில் தேநீர் அருந்தி, காலையில் கெட்டுப்போன சோதனையைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது. அங்கே வந்ததும், மரபணுக்களைப் பற்றிச் சிந்திப்பவர்களின் பேச்சு சாங்கரைப் புரதத்திலிருந்து ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. பக்கம் திருப்பியது.

அந்தப் பாதையிலும் முதலில் முந்தியவர் அவரில்லை. 77 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. மூலக்கூறின் வரிசையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹாலி குழுவினர் 1965இல் வெளியிட்டுவிட்டார்கள். சாங்கர் மனம் தளரவில்லை. கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு, மிகக் குறைந்த அளவுப் பொருளையும் எக்ஸ்ரே ஃபிலிமில் பதியவைக்கும் முறையைச் செம்மை செய்தார். 1967இல் பிரவுன்லீ, பேரல் ஆகியோரோடு 120 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்றின் வரிசையை முடித்தார்.

நான்கு குழாய்கள்

டி.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகள் ஓடும் இழை. இன்சுலினைப் போல உடைத்து உடைத்துக் கோப்பது இதற்கு ஒத்துவராது. உடைப்பதை விட்டுவிட்டு, படியெடுப்பதைப் பயன்படுத்தலாம் என்று சாங்கர் கண்டார். டி.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி ஓர் இழையைப் பார்த்து மறு இழையை எழுத்தெழுத்தாகக் கட்டும். அது கட்டும் பொருள்களோடு, அடுத்த எழுத்து வந்து சேர இடமில்லாத டைடியாக்ஸி வகை எழுத்தைச் சிறிதளவு கலந்துவிட வேண்டும். அது எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே இழை நின்றுவிடும். ஏ, ஜி, சி, டி என நான்கு எழுத்துகளுக்கும் நான்கு குழாய்கள். ஏ குழாயில் உள்ள இழைகளெல்லாம் ஏதேனும் ஓர் ஏ எழுத்தில் நிற்கும். மற்ற மூன்றும் அப்படியே. நான்கையும் மெல்லிய ஜெல்லில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், ஓர் எழுத்து நீளம் கூடிய இழைகூட ஒரு படி பின்தங்கி நிற்கும். எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி ஒளிப்பலகையில் வைத்து, கீழிருந்து மேலாக எந்த வரிசையில் கோடு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் டி.என்.ஏ.வின் வரிசை அப்படியே கிடைக்கும்.

ஆலன் கூல்சன், நிக்லென் ஆகியோரோடு சாங்கர் இந்த முறையை 1977 டிசம்பரில் வெளியிட்டார். அதற்குச் சில மாதம் முன்பே, தனது முந்தைய முறையால், ஃபை எக்ஸ் 174 என்ற வைரசின் 5,386 எழுத்து கொண்ட டி.என்.ஏ. வரிசையை ஏறக்குறைய முழுமையாக அவர் குழு வெளியிட்டிருந்தது. ஓர் உயிர்ப்பொருளின் முழு டி.என்.ஏ. வரிசை வெளிவந்தது அதுவே முதல் முறை. ஒரு மரபணுவுக்குள்ளேயே இன்னொரு மரபணு பொதிந்திருக்க முடியும் என்பதும் அதில் தெரியவந்தது. தாய்வழி மட்டுமே வரும் மனித மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வின் 16,569 எழுத்துகள் 1981இல் வந்தன. லாம்டா வைரசின் 48,502 எழுத்துகள் 1982இல் வந்தன. 1980ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி பால் பெர்குக்கு. மறுபாதியை வால்டர் கில்பர்ட்டும் சாங்கரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஆய்வு மேசையை விட்டு எழவில்லை. சிந்திப்பது, பேசுவது, செய்வது என்று ஆராய்ச்சியில் மூன்று வேலை உண்டு, தனக்குப் பிடித்ததும் ஓரளவு வருவதும் செய்வதுதான் என்று 1988இல் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் சொன்னார். பிரிவுத் தலைவராக இருந்தபோதும் தன் கையாலேயே சோதனைகளைச் செய்தார். அவரிடம் பயின்றவர்கள் இதைப் பார்த்துப் பயின்றார்கள். அவருடைய முதல் ஆய்வு மாணவர் ராட்னி போர்ட்டர் 1972இல் நோபல் பரிசு பெற்றார். பிற்கால மாணவி எலிசபெத் பிளாக்பர்ன் 2009இல் பெற்றார்.

வீட்டுக்காரர் சாங்கர்

மாணவப் பருவத்தில், போர் எதிர்ப்பு அறிவியலர் குழுவில் சாங்கர் ஜோன் ஹோவைச் சந்தித்தார். நியூன்ஹாம் கல்லூரியில் பொருளியல் படித்த பெண். பெற்றோரை இழந்திருந்த சாங்கருக்கு, 1940 டிசம்பரில் ஜோனோடு நடந்த திருமணம் ஒரு குடும்பத்தைத் திருப்பித் தந்தது. ராபின், பீட்டர், சாலி என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 2012இல் ஜோன் மறையும் வரை எழுபது ஆண்டுக்கு மேல் அந்த இல்லறம் நீடித்தது.

நோபல் நிறுவனத்துக்குத் தந்த தன்வரலாற்றுக் குறிப்பில், தன் மனைவி அறிவியலர் அல்லர் என்றாலும், அமைதியும் மகிழ்ச்சியும் உள்ள வீட்டை அமைத்துத் தந்ததால் தன் ஆராய்ச்சிக்கு வேறு எவரையும்விட மிகுதியாகப் பங்களித்தவர் அவரே என்று சாங்கர் பதிவு செய்திருக்கிறார். நன்றியுரைகளில் மனைவிக்கு ஒரு வரி ஒதுக்குவது வழக்கம்தான். சாங்கரின் வாழ்க்கை முழுவதும் அந்த வரிக்குச் சான்றாக இருக்கிறது. அதிகாரப் பதவிகளை அவர் நாடவில்லை. மேடைகளில் பேசும் பேரார்வமும் அவருக்கில்லை. மேசையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து மேசைக்கும் நடந்தவர் அவர்.

நாடு அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளிக்க முன்வந்தபோது மறுத்துவிட்டார். ‘சர்’ என்று அழைக்கப்படுவது தன்னைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும். அது தனக்கு வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். பெயருக்கு முன் பட்டம் எதுவும் சேர்க்காத ஆர்டர் ஆஃப் மெரிட் விருதை 1986இல் ஏற்றார்.

1983இல் அறுபத்தைந்தாம் வயதில் ஓய்வு பெற்றார். அதன்பின் ஆலோசகர் என்றும் மதிப்புறு பேராசிரியர் என்றும் ஆய்வகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இளையவர்களுக்கு இடத்தை விட்டுக்கொடுத்து, கேம்பிரிட்ஜை அடுத்த ஸ்வாஃபம் பல்பெக் சிற்றூர் வீட்டில் ஜோனோடு தோட்ட வேலையில் இறங்கினார். ஆய்வில் காட்டிய அதே ஈடுபாட்டைச் செடிகொடிகளிடம் காட்டினார். 2013 நவம்பர் 19 அன்று, 95ஆம் வயதில் காலமானார்.

அவர் பெயரில் எழுந்த நிறுவனம்

கேம்பிரிட்ஜை அடுத்த ஹிங்ஸ்டனில் வெல்கம் அறக்கட்டளையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து டி.என்.ஏ. வரிசை ஆய்வு மையம் ஒன்றை நிறுவியபோது, அதற்கு அவர் பெயரைச் சூட்ட இசைவு கேட்டார்கள். பெயரை வைப்பதென்றால் மையம் நன்றாக இருக்க வேண்டும் என்று கண்டிப்போடு சொல்லித்தான் இசைந்தார். 1993இல் தாமே வந்து அதைத் திறந்துவைத்தார். ஜான் சல்ஸ்டன் தலைமையில் அம்மையம் மனித மரபணுத் தொகுதியின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் படித்து முடித்தது. எந்த ஒரு தனி ஆய்வகமும் தந்த பங்குகளில் அதுவே பெரியது. படித்த வரிசைகளை அன்றன்றே உலகுக்கு இலவசமாக வெளியிட்டது. அம்மையத்தைப் பார்த்து மனநிறைவு கொள்ளும்வரை சாங்கர் வாழ்ந்திருந்தார்.

இந்த மரபின் அடுத்த படிகளில் நம் மண்ணோடு தொடர்புள்ள இருவர் நிற்கிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1999இல் அதே மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரைபோசோமின் கட்டமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்ரமணியன் கேம்பிரிட்ஜ் வேதியியல் துறையில் டேவிட் கிளெனர்மனோடு சேர்ந்து, கோடிக்கணக்கான டி.என்.ஏ. துண்டுகளை ஒரே நேரத்தில் படிக்கும் புதிய முறையை உருவாக்கினார். மனித மரபணுத் தொகுதி முழுவதையும் சில நாள்களில் படிக்க இன்று முடிகிறதென்றால் அம்முறை அதற்கு முதன்மைக் காரணம். ஆனாலும் ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையை ஐயமறச் சரிபார்க்க வேண்டும் என்றால், இன்றைக்கும் ஆய்வகங்கள் சாங்கர் முறைக்குத்தான் போகின்றன.

நம் துறைக்கு ஒரு வேண்டுகோள்

ஐம்பது ஆண்டில் நம் துறை நூற்றுக்கணக்கான மாணவர்களை ஆய்வகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வகுப்பறைகளுக்கும் அனுப்பியிருக்கிறது. அடுத்த ஐம்பதுக்கு அடியெடுத்து வைக்கும் இந்நேரத்தில் கல்லூரி நிர்வாகத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. ஆசிரியர்களுக்குத் தாங்களே நின்று சோதனை செய்யும் நேரத்தைக் கொடுங்கள். படிவங்களும் கணக்குகளும் அந்த நேரத்தைத் தின்றுவிட விடாதீர்கள். ஒரு நல்ல சிக்கலை எடுத்துக்கொண்டவரிடம் இரண்டாம் ஆண்டே பலனைக் கேட்காதீர்கள். சாங்கரிடம் அப்படிக் கேட்டிருந்தால் இன்சுலினும் வந்திராது, டி.என்.ஏ.வும் வந்திராது.

இளம் ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். உங்கள் ஆய்வேட்டின் நன்றியுரையில் வீட்டாருக்கு எழுதும் வரியை மெய்யாக்குங்கள். மாலையில் வீட்டுக்குப் போங்கள், பிள்ளைகளோடு உட்காருங்கள், காலையில் தெளிந்த மனத்தோடு மேசைக்கு வாருங்கள். இரண்டு நோபல் பரிசு பெற்றவர் அப்படித்தான் வாழ்ந்தார்.